ஒரே கை எழுதிய இரண்டு அரீதாக்கள்: ‘ரெஸ்பெக்ட்’ வாழ்க்கை வரலாறு எங்கே தவறியது?

அமெரிக்க ஸோல் இசைப் பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் வாழ்க்கையை எழுத்தாளர் டேவிட் ரிட்ஸ் இரண்டு முறை எழுதியிருக்கிறார். முதல் முறை அரீதா சொல்லச் சொல்ல எழுதினார். அந்தத் தன்வரலாற்றை ‘ஃப்ரம் தீஸ் ரூட்ஸ்’ என்ற பெயரில் 1999ல் வில்லர்ட் பதிப்பகம் வெளியிட்டது. இரண்டாம் முறை அரீதாவின் ஒப்புதல் இல்லாமலே எழுதினார். அது அவருடைய புகழ்பெற்ற பாட்டின் பெயரான ‘ரெஸ்பெக்ட்’ என்ற தலைப்பில் 2014 அக்டோபரில் லிட்டில் பிரவுன் வெளியீடாக வந்தது. அப்போது அரீதாவுக்கு 72 வயது. பொய்களை அடுக்கிய மட்டமான புத்தகம் என்று அறிக்கை விட்டார். விமர்சகர்கள் பலர் அவரைப் பற்றி வந்ததிலேயே இதுதான் முழுமையான வரலாறு என்றார்கள். 2018 ஆகஸ்ட் 16ல் அவர் காலமான பிறகும் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் கையில் எடுப்பது பெரும்பாலும் இந்தப் புத்தகத்தைத்தான்.

இந்த ஆய்வு அந்த இரண்டாவது நூலைப் பற்றியது. அதில் இருப்பதெல்லாம் பொய் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அரீதாவின் உடன்பிறந்தவர்கள் மனம் விட்டுப் பேசியதை இவ்வளவு விரிவாகப் பதிந்த நூல் வேறில்லை. அதற்கு ரிட்ஸுக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். குறை அதன் அடித்தளத்தில் இருக்கிறது. பதினைந்து ஆண்டுக்கு முன் தானே எழுதியதற்கு மறுப்பாகத்தான் ரிட்ஸ் இதை எழுதினார். ஆகவே, 1999ல் அரீதா எதையெல்லாம் பேச மறுத்தாரோ அதுவே 2014ன் உள்ளடக்கத்தைத் தீர்மானித்துவிட்டது. தாய், முதல் கணவர், குடி, தங்கை அக்காளோடு இருந்த போட்டி எல்லாம் நூலில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. யாரும் மறைக்காத, யாரும் சண்டை போடாத ஒன்று மட்டும் இரண்டு நூல்களுக்கும் நடுவே நழுவி விழுந்துவிட்டது. அது அவருடைய இசை வேலை. குறிப்பாக, பியானோவில் அவர் செய்த வேலை.

முதல் நூலின் மௌனம்

ரிட்ஸ் கத்துக்குட்டி அல்ல. ரே சார்ல்ஸ் (1978), ஸ்மோக்கி ராபின்சன் (1989), ஜெரி வெக்ஸ்லர் (1993), எட்டா ஜேம்ஸ் (1995), பி. பி. கிங் (1996) ஆகிய இசைத்துறையினரின் தன்வரலாறுகளை அவர்களோடு உட்கார்ந்து எழுதியவர். பாடகர் மார்வின் கேயின் வாழ்க்கையை 1985ல் தனி நூலாகத் தந்தவர். மணிக்கணக்கில் பேசவிட்டு, நாடாவில் பதிந்து, அந்த ஆளின் பேச்சு நடை கெடாமல் அத்தியாயமாகக் கட்டுவது அவருடைய தொழில். எதிரில் இருப்பவர் மனம் திறந்தால்தான் இந்த முறை வேலை செய்யும். ரே சார்ல்ஸும் எட்டா ஜேம்ஸும் தங்கள் போதைப் பழக்கத்தைக்கூட ஒளிக்காமல் சொன்னார்கள். அரீதா சொல்லவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. 1968 ஜூன் 28 தேதியிட்ட ‘டைம்’ இதழ் அவரை அட்டையில் போட்டது. உள்ளே, கணவரும் மேலாளருமான டெட் வைட் அவரை முரட்டுத்தனமாக நடத்தியதாகவும், தாய் குடும்பத்தைக் கைவிட்டுப் போனதாகவும் எழுதியது. அதன் பிறகு தன் சொந்த வாழ்க்கை பற்றிப் பத்திரிகைக்காரர்களிடம் அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். 31 ஆண்டு கழித்து வந்த தன்வரலாறும் அதே பூட்டோடுதான் வந்தது. தாய் பார்பரா 1948ல் டெட்ராய்ட்டை விட்டு பஃபலோவுக்குப் போனதையும், பிள்ளைகள் அங்கே போய் வந்ததையும், 1952ல் அவர் மாரடைப்பில் இறந்ததையும் அரீதா சொல்கிறார். கைவிட்டுப் போனார் என்ற பேச்சை அடியோடு மறுக்கிறார். டெட் வைட்டுடனான வாழ்க்கையைச் சுருக்கமாகக் கடந்துவிடுகிறார். சாப்பாட்டுக்கும் உடைக்கும் அங்கே கிடைத்த இடம் ஒலிப்பதிவுகளுக்குக் கிடைக்கவில்லை.

அந்த நூலைத் தன் தோல்வியாகவே ரிட்ஸ் பின்னால் எழுதினார். தோல்விக்கு அவர் கண்ட காரணம், அரீதா தன் கடந்த காலத்தை அழகுபடுத்திப் பார்ப்பவர் என்பது. ‘ரெஸ்பெக்ட்’ முழுக்க ஓடும் கருத்தும் அதுதான்: அரீதா ஒன்று சொல்வார், பக்கத்தில் இருந்தவர் வேறொன்று சொல்வார், உண்மை பின்னவரிடம். ஒரு மனிதரின் குணத்தைப் பற்றி முதல் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டால், பிறகு கிடைக்கும் ஒவ்வொரு சாட்சியமும் அந்தத் தீர்ப்புக்குத்தான் உழைக்கும். தாய் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உடன்பிறந்தவர்களின் பேச்சிலும் அடிப்படைத் தகவல்கள் மாறவில்லை: தாய் போனார், தொடர்பு அறுபடவில்லை, நான்கு ஆண்டில் இறந்தார். அப்படியானால் ‘டைம்’ எழுதிய ‘கைவிட்டார்’ தான் தவறு, அரீதாவின் மறுப்பு சரி. ஆனால் நூலின் தொனி அந்த மறுப்பையே மன உளைச்சலின் அறிகுறியாகக் காட்டுகிறது.

சாட்சிகள் யார், எப்போது பேசினார்கள்?

நூலின் முதுகெலும்பு ஐந்து பேர். தங்கை கரோலின், அண்ணனும் மேலாளருமான சிசில், அக்கா எர்மா, அட்லாண்டிக் நிறுவனத்தின் தயாரிப்பாளர் வெக்ஸ்லர், கச்சேரி முகவர் ரூத் போவன். கரோலின் 1988ல் இறந்தார். சிசில் 1989ல். எர்மா 2002ல். வெக்ஸ்லர் 2008ல். போவன் 2009ல். நூல் வந்தது 2014ல். அதாவது அச்சான தங்கள் சொற்களைப் படித்துப் பார்த்து, ‘நான் இப்படிச் சொல்லவில்லை’ என்றோ ‘அது வேறு ஆண்டு’ என்றோ திருத்த ஐவரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. அத்தை மகள் பிரெண்டா கார்பெட் போன்ற உயிரோடிருந்த உறவினர்களும் பேசியிருக்கிறார்கள். ஆனால் கனமான பகுதிகளைத் தாங்குவது இந்த ஐவரின் குரல்தான்.

இறந்தவர்களின் பேட்டியைப் பயன்படுத்துவது தவறில்லை. வாய்மொழி வரலாறு என்ற துறையே அதில்தான் நிற்கிறது. ஆனால் அந்தத் துறைக்கு ஒரு குறைந்தபட்ச ஒழுங்கு உண்டு: பேட்டி எடுத்த தேதி, இடம், நாடாவா கைக்குறிப்பா, கூட யார் இருந்தார்கள் என்ற நான்கையும் ஒவ்வொரு மேற்கோளோடும் கட்டிவைப்பது. ‘ரெஸ்பெக்ட்’ நூலின் ஓட்டத்தில் ‘எர்மா என்னிடம் சொன்னார்’, ‘சிசில் நினைவுகூர்ந்தார்’ என்ற அளவோடு நின்றுவிடுகிறது. தேதி ஏன் முக்கியம் என்றால், 1967ல் நடந்ததைப் பற்றி ஒருவர் 1978ல் பேசுவதும், அரீதாவோடு மனத்தாங்கல் ஏற்பட்ட ஒரு வருடத்தில் பேசுவதும் ஒரே எடை அல்ல. பாதிரியாரான தந்தை சி. எல். ஃபிராங்க்ளின் 1979 ஜூன் 10ல் வீட்டில் கொள்ளையரால் சுடப்பட்டு, 1984 ஜூலையில் இறக்கும்வரை நினைவு திரும்பாமல் கிடந்தார். அந்த ஐந்து ஆண்டுகள் குடும்பத்தில் எல்லோரையும் உலுக்கின. அதற்கு முந்தைய பேச்சா, பிந்தைய பேச்சா என்று தெரியாமல் ஒரு சகோதரியின் கசப்பை எடைபோட முடியாது.

சாட்சிகளின் நலன்களையும் மேற்கோளின் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். எர்மா 1967ல் பாடிய ‘பீஸ் ஆஃப் மை ஹார்ட்’ மறு வருடமே ஜானிஸ் ஜாப்ளின் குரலில் உலகப் புகழ் பெற்றது. எர்மாவின் பெயர் பின்னால் போயிற்று. கரோலின் ஆர்.சி.ஏ. இசை நிறுவனத்துக்குத் தனியாக இசைத்தட்டுகள் பாடியும் பெரிதாக எடுபடவில்லை. அவர் எழுதிய ‘எய்ன்ட் நோ வே’ அரீதாவின் பாட்டாகவே அறியப்படுகிறது. போவன், அரீதா வராத கச்சேரிகளுக்காக ஏற்பாட்டாளர்களிடம் பேச்சு வாங்கியவர். இவர்கள் பொய் சொன்னார்கள் என்பதல்ல. அவரவர் நின்ற இடத்திலிருந்து பேசினார்கள். அந்த இடத்தை நூலின் முன்பகுதியில் ஒரு தடவை சொல்லிவிட்டு முந்நூறு பக்கம் கழித்து அவர்களை நடுநிலைச் சாட்சிபோல அழைத்தால் படிப்பவர் மறந்திருப்பார்.

நாங்கள் இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புவது குரல்களின் ஒற்றுமை. டெட்ராய்ட் பாதிரியார் வீட்டில் வளர்ந்த கரோலினும், நியூயார்க்கில் இசைத் தொழில் செய்த வெக்ஸ்லரும், பேரம் பேசியே வாழ்ந்த போவனும் நூலில் ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு, ஒரே வளைவோடு, ஒரே மாதிரி நச்சென்று முடியும் வாக்கியங்களில் பேசுகிறார்கள். பிறர் குரலைச் செதுக்கித் தருவதில் ரிட்ஸ் அடைந்த தேர்ச்சியே இங்கே எதிராகத் திரும்பியது. தன்வரலாற்றில் செதுக்கலாம், சொன்னவர் படித்துக் கையெழுத்திடுவார். பிறர் எழுதும் வரலாற்றில் மேற்கோள் குறிக்குள் வருவது சாட்சியம். அதில் தயக்கமும் குழறலும் ‘எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை’யும் இருந்தால்தான் எடைபோட முடியும்.

இத்தனைக்கும் சட்டம் குறுக்கே வராது. 1964ல் நியூயார்க் டைம்ஸுக்கும் சல்லிவனுக்கும் நடந்த வழக்கின் தீர்ப்பும் அதை ஒட்டி வந்தவையும், பொது வாழ்வில் உள்ளவர் அவதூறு வழக்கு போட்டால், எழுதியவர் பொய் என்று தெரிந்தோ உண்மையைப் பற்றிக் கவலையே படாமலோ எழுதினார் என்று நிரூபிக்கச் சொல்கின்றன. ஆகவே அமெரிக்கப் பதிப்பகத்தின் வக்கீல் ‘பேட்டி நாடா இருக்கிறதா?’ என்று கேட்பார். ‘அந்தப் பேட்டி சரியா?’ என்று கேட்பது அவர் வேலை இல்லை. அந்தக் கேள்வியைப் பதிப்பாசிரியர்தான் கேட்க வேண்டும்.

ஒரே நாளை எடுத்துப் பார்ப்போம்: 1967 ஜனவரி 24

அலபாமாவின் மஸல் ஷோல்ஸ் ஊரில் ரிக் ஹாலின் ஃபேம் ஸ்டூடியோவில் அன்று நடந்ததை எழுதாத அரீதா நூல் இல்லை. யாரும் மறுக்காத பகுதி இது: ஒரு வார வேலையாகத் திட்டமிட்டது ஒரே நாளில் நின்றது. ‘ஐ நெவர் லவ்ட் எ மேன்’ முழுதாகப் பதிவானது. ‘டூ ரைட் வுமன்’ பாதியில் நின்றது. டெட் வைட்டுக்கும் ஊதுகுழல் கலைஞர் ஒருவருக்கும் ஸ்டூடியோவில் வாய்த்தகராறு. இரவில் குடித்திருந்த ரிக் ஹால் சமாதானம் பேசுகிறேன் என்று ஓட்டலுக்குப் போக, அது கைகலப்பில் முடிந்தது. அரீதாவும் கணவரும் ஊரை விட்டுப் போனார்கள். வெக்ஸ்லர் பிற்பாடு ஃபேம் கலைஞர்களை நியூயார்க்குக்கு வரவழைத்தார். பிப்ரவரியில் அங்கே, எர்மாவும் கரோலினும் பின்குரல் கொடுக்க, பாதிப் பாட்டு முழுமையானது. பிப்ரவரி 14ல் ‘ரெஸ்பெக்ட்’ பாட்டு பதிவானது.

யார் யாரை என்ன சொல்லித் திட்டினார், யார் முதலில் கை வைத்தார் என்பதில் ஆளுக்கொரு கதை. 2014 நூலில் இதை நகர்த்துவது பெரும்பாலும் வெக்ஸ்லரின் பார்வை. அந்தப் பார்வை ஏற்கெனவே அச்சில் வந்ததுதான்: 1993ல் வெக்ஸ்லரின் தன்வரலாற்றில். அதை அவரோடு எழுதியவரும் ரிட்ஸ்தான். அரீதாவின் 1999 நூலை எழுதியவரும் அவரே. ஆக ஒரே நாளைப் பற்றிய மூன்று நூல்கள், ஒரே எழுத்தாளர். மூன்றாவது நூலைப் படிப்பவர் வெக்ஸ்லர் சொன்னது முன்பே வேறு நூலிலும் உறுதியாகியிருக்கிறது என்று நினைப்பார். உண்மையில் அது ஒரே பேட்டியாளர் இரண்டு முறை அச்சேற்றிய ஒரே சாட்சியம். இப்படிப்பட்ட இரண்டையும் ஒன்றாகவே எண்ண வேண்டும் என்பது வரலாற்று வேலையின் அரிச்சுவடி.

இந்தச் சண்டைக்குக் கொடுத்த இடத்தில் பாதியாவது அதற்கு முந்தைய மணிகளுக்குக் கொடுத்திருக்கலாம். அன்று முதலில் யாருக்கும் பாட்டின் பிடி கிடைக்கவில்லை. பியானோவில் அரீதா உட்கார்ந்ததால் ஃபேம் கலைஞர் ஸ்பூனர் ஓல்டம் வூர்லிட்சர் மின்பியானோவுக்கு மாறினார்; பாட்டைத் தொடங்கி வைக்கும் அந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கு) அவர் விரலில் அகப்பட்டது. அதன்மேல் ரோஜர் ஹாக்கின்ஸின் டிரம்ஸ் ஏறியது. மூன்று மூன்றாக உருளும் அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது?

பியானோ

விடை 2007ல் வெளியானது. அட்லாண்டிக் காலத்து வெளிவராத பதிவுகளின் தொகுப்பில், ஃபேம் போவதற்கு முன் அரீதா பதிந்த மாதிரிப் பதிவுகள் இருக்கின்றன. ‘ஐ நெவர் லவ்ட் எ மேன்’, ‘டாக்டர் ஃபீல்குட்’, ‘ஸ்வீட் பிட்டர் லவ்’ மூன்றையும் தானே பியானோ வாசித்துப் பாடுகிறார். அந்த மாதிரியையும் வெளியான இசைத்தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் விஷயம் புரியும். வேகம், எங்கே நிறுத்துவது, எந்த வரியில் குரல் பியானோவுக்கு வழி விடுவது எல்லாம் முன்பே முடிவாகியிருக்கின்றன. ஓல்டமின் ரிஃப் அதன்மேல் வைத்த அருமையான கிரீடம், உடம்பு அரீதாவுடையது. ஆனால் எல்லா நூல்களிலும் வரும் வாசகம் ‘வெக்ஸ்லர் அவரைப் பியானோவில் உட்கார வைத்தார்’ என்பது. உட்கார வைக்க அவர் அங்கே இருந்தார், அது சரியான முடிவு, அந்தப் பெருமை அவருக்கு உரியது. வாக்கியத்தின் எழுவாய் மட்டும் தவறு.

அரீதா பியானோவுக்குப் புதியவர் அல்லர். 1956ல், 14 வயதில், தந்தையின் நியூ பெத்தேல் தேவாலயத்தில் அவர் பாடியதை ஜோ வான் பேட்டில் என்ற டெட்ராய்ட் இசைத்தட்டுக் கடைக்காரர் தன் ஜே.வி.பி. லேபிளில் வெளியிட்டார். அதில் ‘நெவர் க்ரோ ஓல்ட்’ பாட்டுக்குப் பியானோ வாசிப்பதும் அவரே. அந்த வீட்டில் கொஞ்ச காலம் தங்கிய தேவாலய இசைக் கலைஞர் ஜேம்ஸ் கிளீவ்லண்டிடம் பார்த்துக் கற்றார். முறையான பாடத்துக்கு உட்காரவில்லை, இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. காதால் கேட்டு வாசித்த வாசிப்பு அது. 1960ல் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் அவரைக் கொலம்பியா இசை நிறுவனத்துக்கு எடுத்தபோது முதல் தொகுப்பில் சில பாட்டுகளுக்குப் பியானோ வாசித்தார். பிறகு வந்த பெரிய வாத்தியக் குழுப் பதிவுகளில் பெரும்பாலும் மைக்குக்கு முன்னால் நிற்க வைக்கப்பட்டார். 1967ல் அவர் மறுபடி பியானோவுக்குத் திரும்பி வந்தார்.

அதே ‘நெவர் க்ரோ ஓல்ட்’ பாட்டை 1972 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலிஸின் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயத்தில், இரண்டு இரவுகள் நடந்த ‘அமேஸிங் கிரேஸ்’ பதிவில் மறுபடி பாடினார். மறுபடியும் பியானோவில் அவரே. அந்தப் பதிவு கிட்டத்தட்ட 10 நிமிடம் ஓடுகிறது. ஒரு வரலாற்றாசிரியருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடைக்காது: ஒரே ஆள், ஒரே பாட்டு, ஒரே வாத்தியம், இடையில் 16 ஆண்டு. 1956ல் கை குரலைத் தாங்குகிறது. 1972ல் கை குரலோடு பேசுகிறது. வரியை முழுதாக முடிக்காமல் விட்டு, மிச்சத்தை வலது கை கார்டுகளில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில்) முடிக்கிறார், அதைக் கேட்டுவிட்டுக் குரல் அடுத்த வரிக்கு வருகிறது. பியானோவை விட்டு எழுந்து, கிளீவ்லண்ட் வாசிக்கப் பாடும் பாட்டுகளில் மூச்சு எடுக்கும் இடமே மாறுகிறது. அந்த இரண்டு இரவுகளின் முழுப் பதிவு 1999லேயே வந்துவிட்டது. 2014ல் எழுதியவருக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

‘ரெஸ்பெக்ட்’ நூலிலும் பாட்டுகளைப் பற்றிய பேச்சு ஏராளம். தொகுப்புக்குத் தொகுப்பு ரிட்ஸ் தீர்ப்புச் சொல்கிறார். அவர் ரசனை நல்ல ரசனை, கொலம்பியா காலத்தை மற்றவர்கள் போல ஒதுக்கித் தள்ளுவதும் இல்லை. ஆனால் பெரும்பாலும் அது ரசிகரின் பேச்சு. உருக்கம், உச்சம், ஏமாற்றம் என்று பாட்டின் விளைவைச் சொல்கிறது. பாட்டு எப்படிக் கட்டப்பட்டது என்பதற்குள் போவது குறைவு. ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை ஓட்டிஸ் ரெடிங் 1965ல் பாடியதற்கும் அரீதா பாடியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஓட்டிஸிடம் இல்லாத நடுப்பகுதி இங்கே உண்டு. அதில் கிங் கர்ட்டிஸின் சாக்சபோன் வேறொரு பாட்டின் கார்டுகள்மேல் ஏறி இறங்குகிறது. ‘ரெஸ்பெக்ட்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லி நிறுத்தும் இடம் புதிது. அக்கா தங்கைகளின் பின்குரல் புதிது. வீட்டுக்கு வந்ததும் மரியாதை கேட்கிற ஆண் போய், கணக்குக் கேட்கிற பெண் வந்துவிட்டாள். அப்படி ஆக்கியது பாட்டின் கட்டுமான மாற்றம்தான். பெண்ணுரிமைக் கீதம், கறுப்பின உரிமைக் கீதம் என்று பெயர் சூட்டி முடிப்பதற்கு முன்பு இதைச் சொல்லியாக வேண்டும்.

காசு போன வழி

இந்தக் கட்டுமானத்துக்குக் கூலி கிடைத்ததா என்பது அடுத்த கேள்வி. ‘ரெஸ்பெக்ட்’ பாட்டின் எழுத்துரிமை ஓட்டிஸ் ரெடிங்குடையது. அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் பாட்டின் பதிப்புரிமை நிறுவனத்துக்கும் பணம் போகும்; பாடியவருக்குப் போகாது. ஆகவே 1967 முதல் அந்த வானொலிகளில் அது எத்தனை முறை ஒலித்திருந்தாலும் அந்த ஒலிபரப்புக்காக அரீதாவுக்கு வந்தது எதுவுமில்லை. மறுபக்கம் ‘டாக்டர் ஃபீல்குட்’, ‘திங்க்’ போன்ற பாட்டுகளில் எழுதியவராக அரீதாவோடு டெட் வைட் பெயரும் இருக்கிறது. 1969ல் மணமுறிவு ஆன பிறகு வந்த ‘கால் மீ’, ‘ராக் ஸ்டெடி’, ‘டே ட்ரீமிங்’ மூன்றிலும் அரீதாவின் பெயர் மட்டும். ஒரு மணவாழ்க்கையின் கதையை அக்கம்பக்கத்தார் பேச்சை வைத்து எழுதுவதோடு, இந்தப் பெயர்ப் பட்டியலை வைத்தும் எழுதியிருக்கலாம். 1977 வரையிலான பதிப்புரிமைப் பதிவேடுகள் அச்சுத் தொகுதிகளாக வந்து இணையத்திலும் இருக்கின்றன, பாட்டு எழுதியவர்களுக்காக உரிமைத்தொகை வசூலிக்கும் பி.எம்.ஐ., ஆஸ்காப் அமைப்புகளின் பட்டியல்களைப் பார்க்கக் காசு வேண்டாம்.

மேடையேறும் முன் ரொக்கமாகப் பணம் வாங்கி, அந்தக் கைப்பையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே பாடும் அவர் வழக்கமும் விசித்திரமாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. கறுப்பினக் கலைஞர்கள் பாடி முடித்த பிறகு ஏற்பாட்டாளர் கம்பி நீட்டிவிடுவது சகஜமாக இருந்த காலத்தில், பதின்ம வயதிலேயே தந்தையோடு ஊர் ஊராகப் போய்ப் பாடிய பெண்ணுக்கு அது தொழில் பாடம்.

பிற்பகுதி ஏன் சலிப்பூட்டுகிறது?

வெக்ஸ்லர் 1975ல் அட்லாண்டிக்கை விட்டுப் போகிறார். நூலின் தரமும் அங்கிருந்து சரிகிறது. நேரில் பார்த்த சாட்சிகள் குறைய, இடைவெளியை ‘ஜெட்’ போன்ற இதழ்களின் துணுக்குகள் நிரப்புகின்றன: இந்தத் திட்டம் அறிவித்தார், இந்தக் கச்சேரியை ரத்து செய்தார், உடல் எடை கூடியது, குறைந்தது. இதே வட்டம் பல அத்தியாயங்களுக்குச் சுற்றுகிறது. அடங்காத ராணி என்ற பிம்பம்தான் மிஞ்சுகிறது.

இங்கே தொழில்முறை மாற்றம் ஒன்று நடந்தது. 1980களின் நடுவில் விமானத்தில் ஏறுவதை அரீதா அடியோடு விட்டார். 1985ல் ‘ஹூஸ் ஜூமின் ஹூ’ தொகுப்புக்குத் தயாரிப்பாளர் நாரடா மைக்கேல் வால்டன் இசைத்தடங்களைக் கலிஃபோர்னியாவில் முடித்து நாடாவாக டெட்ராய்ட்டுக்குக் கொண்டுவந்தார். யுனைடெட் சவுண்ட் ஸ்டூடியோவில் அரீதா அதன்மேல் பாடினார். 1967ல் பியானோவில் உட்கார்ந்து கலைஞர்களை இழுத்துக்கொண்டு போனவர், இப்போது முடிந்துபோன தடத்தின்மேல் குரல் வைக்கிறார். வேகமும் நிறுத்தமும் இனி அவர் கையில் இல்லை. அந்தக் கால இசை வேறாக ஒலிப்பதற்கு அவருடைய மனநிலையைவிட இது நேரடியான காரணம். நூல் வந்த மறு வருடம், 2015 டிசம்பரில், கென்னடி மையத்தில் கரோல் கிங்கைக் கௌரவிக்கும் விழாவில் 73 வயதில் பியானோவில் உட்கார்ந்து ‘நேச்சுரல் வுமன்’ பாடினார். குரல் தேய்ந்துவிட்டது என்று முன்பே எழுதியவர்கள் வாத்தியத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

செய்திருக்க வேண்டியது

முதல் வேலை பேட்டி அல்ல, பதிவுப் பேரேடு. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஒரு வரி: தேதி, ஸ்டூடியோ, வாசித்தவர்கள், முடிந்த பாட்டு, நின்ற பாட்டு, அரீதா எந்த வாத்தியத்தில். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தத் தாள்களில் ஆட்களின் பெயரும் நேரமும் இருக்கும். வழக்கமான ஒரு பதிவு மூன்று மணி நேரம் என்பதால் எத்தனை முறை நீட்டினார்கள் என்பதும் தெரியும். அட்லாண்டிக் விஷயத்தில் ஓட்டை உண்டு: 1978 பிப்ரவரியில் நியூ ஜெர்சியின் லாங் பிராஞ்ச் கிடங்கில் ஏற்பட்ட தீயில் ஆயிரக்கணக்கான நாடாக்கள் போயின. தாளும் வெளியான இசைத்தட்டும் 2007 போன்ற தொகுப்புகளும் சேர்ந்துதான் அதை ஈடுகட்டும். இந்தப் பேரேடு மேசையில் இருந்தால் பேட்டி கொடுப்பவரின் நினைவு எங்கே பிசகுகிறது என்று அந்த இடத்திலேயே பிடிபடும், மறு கேள்வி கேட்கலாம்.

அடுத்து, சம்பவம் நடந்த வாரத்தில் அச்சானதை முதலில் படிப்பது. சிறையிலிருந்த கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸுக்கு ஜாமீன் கட்டத் தயார் என்று அரீதா சொன்னது 1970 டிசம்பர் 3 ‘ஜெட்’ இதழில் இருக்கிறது. அந்த அறிவிப்பின் துணிச்சலை நாற்பது ஆண்டுக்குப் பிந்தைய நினைவுகூரல் எதுவும் இவ்வளவு துல்லியமாகத் தராது. டெட்ராய்ட்டின் கறுப்பின வார இதழான ‘மிச்சிகன் கிரானிக்கிள்’ பழைய இதழ்களும் அதே வகை. எஃப்.பி.ஐ. அவரைப் பற்றி வைத்திருந்த 270 பக்கக் கோப்பு 2022ல்தான் வெளிவந்தது. உயிரோடு இருப்பவரின் கோப்பை அவர் சம்மதம் இல்லாமல் பெறுவது கடினம் என்பதால் இதில் ரிட்ஸைக் குறை சொல்ல முடியாது. இனி எழுதுகிறவருக்கு அந்தச் சாக்கு இல்லை.

தந்தையைப் பற்றி வரலாற்றாசிரியர் நிக் சால்வடோர் 2005ல் எழுதிய நூல் இந்த முறைக்கு நல்ல முன்மாதிரி. தேவாலய ஆவணம், பத்திரிகை, பேட்டி மூன்றையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்து எழுதினார். பாதிரியாரின் வாழ்க்கையில் மிகக் கசப்பான உண்மைகளையும் சொன்னார். குடும்பம் சொல்லத் தயங்கியதைச் சொல்லியும் அது வம்புப் புத்தகம் ஆகவில்லை. ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்று வாசகர் பின்தொடர முடிகிறது.

ரிட்ஸின் நூலைத் திருத்தவும் வழி இருக்கிறது. எர்மா, கரோலின், சிசில், போவன் பேசிய பேட்டிகளைத் தேதிப் பட்டியலோடு ஹார்லெமின் ஷாம்பர்க் மையம் போன்ற ஆவணக் காப்பகத்தில் கேட்கக் கொடுத்தால், நூலின் பலவீனமான பாதி உடனே உறுதியான ஆதாரமாகிவிடும். மறுபதிப்பில் ஒவ்வொரு மேற்கோளின் ஓரத்திலும் அந்தத் தேதியைச் சேர்க்கலாம். செதுக்கிய வாக்கியங்களுக்குப் பதிலாக நாடாவில் உள்ளபடியே போடலாம். ஃபேம் போவதற்கு முந்தைய மாதிரிப் பதிவுகளைக் கேட்டு அந்த அத்தியாயத்தைப் புதிதாக எழுதலாம்.